கணினி மெதுவாகிவிட்டது: மாற்ற வேண்டியது எதை?

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு, என்ன செய்யலாம்?" என்று ஒருவர் கேட்டால் மூன்று பதில்கள் உடனே வரும். ரேமைக் கூட்டு என்பார் ஒருவர். எஸ்எஸ்டி போடு என்பார் இன்னொருவர். அஞ்சு வருஷம் ஆயிடுச்சே, புதுசாவே வாங்கிடு என்பார் மூன்றாமவர். ஒவ்வொரு பதிலும் ஏதோ ஒரு கணினிக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கேட்டவருடைய கணினி எப்போது மெதுவாகிறது, என்ன வேலை செய்யும்போது மெதுவாகிறது என்று மூவரில் ஒருவரும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

ஸ்லோ என்ற ஒரே புகாருக்குப் பின்னால் ஐந்தாறு தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. ஒன்றுக்கான தீர்வை இன்னொன்றுக்குச் செய்தால் பணம் போகும், வேகம் வராது. கணினிக்குள் எந்தப் பகுதி எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் எதை மாற்றுவது, மாற்ற வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும். அதைக் கண்டுபிடிக்கத் தேவையான அளவுக்கு மட்டும் இந்தக் கட்டுரை.

வயதானால் கணினி மெதுவாகுமா?

பெரும்பாலும் ஆகாது. ஒரு பிராசஸர் வாங்கிய நாளில் ஒரு நொடிக்கு எத்தனை கணக்குகள் போட்டதோ, பத்து வருடம் கழித்தும் அத்தனையே போடும். ரேமும் அப்படித்தான். அவை கெட்டுப்போகலாம், ஆனால் தேய்ந்து தேய்ந்து மெதுவாவது அவற்றின் இயல்பில்லை.

மாறுவது அவற்றைச் சுற்றியுள்ளவை. இயங்குதளம், அதாவது விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் போன்ற அடிப்படை மென்பொருள், ஒவ்வொரு புதிய பதிப்பிலும் கொஞ்சம் கனமாகிறது. இணையதளங்கள் அதைவிட வேகமாகக் கனமாகின்றன. ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் செய்தியோடு விளம்பரம், வீடியோ, கண்காணிப்பு நிரல்கள் எல்லாம் சேர்ந்து இறங்குகின்றன. வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் கனமாவது முந்திக்கொள்கிறது என்று கணினி அறிவியலாளர் நிக்லாஸ் விர்த் 1995-லேயே குறைப்பட்டுக்கொண்டார். இன்றைக்கும் அந்தக் குறை தீர்ந்தபாடில்லை.

அப்புறம், நாமே நிறுவி மறந்துபோன மென்பொருட்கள். அவற்றில் பாதி, கணினி தொடங்கும்போதே தாமும் தொடங்கிவிடுகின்றன. உள்ளே தூசி சேர்ந்து சூடு ஏறுகிறது. டிஸ்க் நிரம்பி வழிகிறது, அல்லது பழுதாகத் தொடங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நம் பொறுமையும் குறைந்துவிட்டது. கைப்பேசி கண் இமைக்கும் நேரத்தில் திறப்பதைப் பார்த்துப் பழகியவருக்கு, முன்பு வேகமாகத் தெரிந்த அதே கணினி இப்போது எரிச்சலூட்டும்.

ஆக, வயதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எட்டு வருடப் பழைய கணினி நன்றாக ஓடுவதும், சென்ற வருடம் வாங்கியது திணறுவதும் இரண்டுமே சகஜம்.

தையற்காரரும் வெட்டும் மேசையும்

ஒரு தையற்காரரை எடுத்துக்கொள்வோம். அவருடைய கை வேகம் ஒன்று. எதிரே துணியை விரித்து வெட்டும் மேசை இரண்டாவது. பின்கட்டில் துணிகளை அடுக்கி வைத்திருக்கும் அறை மூன்றாவது. எந்தத் துணியானாலும் அறையிலிருந்து மேசைக்கு வந்தால்தான் வெட்ட முடியும். மேசை சிறியதாக இருந்தால், புதுத் துணியை விரிக்க ஏற்கெனவே இருப்பதை மடித்து உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அதுவே மறுபடி தேவைப்படும், திரும்பவும் நடை. இப்படி நாளில் பாதி நடையிலேயே போகும்போது, இவரை அனுப்பிவிட்டு இரண்டு மடங்கு வேகமாகத் தைப்பவரை அமர்த்தினால் என்ன ஆகும்? அவரும் நடந்துகொண்டுதான் இருப்பார்.

கை என்பது பிராசஸர்: கணக்குகளைப் போட்டு வேலையைச் செய்யும் சில்லு. மேசை என்பது ரேம்: இப்போது கையாளும் தகவல்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம், மின்சாரம் போனால் காலியாகிவிடும். அறை என்பது சேமிப்பகம்: கோப்புகளும் மென்பொருட்களும் நிரந்தரமாகக் கிடக்கும் இடம். சேமிப்பகத்தில் இரண்டு வகை. உள்ளே தட்டுகள் சுழலும் ஹார்ட் டிஸ்க் பழைய வகை. அசையும் பாகமே இல்லாமல் சில்லுகளில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டி புதிய வகை.

உவமை இத்தோடு போதும். உண்மையான எண்களைப் பார்த்தால்தான் இந்த மூன்றுக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி என்பது புரியும்.

ஒரு தகவலை ரேமிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகும். ஒரு நொடியைக் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதே தகவலை எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க, தோராயமாக அதைப்போல் ஆயிரம் மடங்கு நேரம். ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க லட்சம் மடங்கு. இவை மனித உணர்வுக்கு எட்டாத எண்கள், ஆகவே அளவைப் பெரிதாக்கிப் பார்ப்போம். ரேமிலிருந்து எடுக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கப் பதினேழு நிமிடம் ஆகும். ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க ஒரு முழு நாளுக்கும் மேல்.

ஹார்ட் டிஸ்க் ஏன் இவ்வளவு பின்தங்குகிறது? அதற்குள் தட்டு உண்மையிலேயே சுழல்கிறது. மடிக்கணினிகளில் வழக்கமாக நிமிடத்துக்கு 5400 சுற்று, மேசைக் கணினிகளில் 7200. 5400 என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேவையான இடம், தகவலைப் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கும் முன்பு, அந்தத் தலை சரியான தடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒரு நொடியில் நூறு வெவ்வேறு இடங்களைத் தொட்டாலே பெரிய விஷயம். ஒரு மென்பொருள் திறக்கும்போதோ, டிஸ்கில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான சிறு சிறு துண்டுகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதன் ரகசியம் இதுதான். சாதாரண எஸ்எஸ்டி ஒன்று நொடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொடும்.

இதுவரை பார்த்தது: பிராசஸர் வேலை செய்கிறது, ரேம் அதன் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது, சேமிப்பகம் வெகு தொலைவில் இருக்கிறது. கணினி மெதுவாகத் தோன்றும் நேரங்களில் பெரும்பகுதி, பிராசஸர் எதையாவது எதிர்பார்த்துச் சும்மா இருக்கும் நேரம்.

ரேம் நிரம்பிவிட்டால்

ரேமில் இடம் தீர்ந்துபோனால் இயங்குதளம் "இனி எதையும் திறக்க முடியாது" என்று கைவிரித்துவிடுவதில்லை. நாம் கொஞ்ச நேரமாகத் தொடாத தகவலை ரேமிலிருந்து எடுத்து டிஸ்கில் ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டு, காலியான இடத்தைப் புதிய வேலைக்குக் கொடுக்கிறது. இதற்கு ஸ்வாப் என்று பெயர். நல்ல ஏற்பாடுதான், கணினி நின்றுபோகாமல் காப்பாற்றுகிறது. ஆனால் ஒதுக்கி வைத்தது மறுபடி தேவைப்படும்போது அதை அந்த லட்சம் மடங்கு மெதுவான இடத்திலிருந்து திரும்பக் கொண்டுவர வேண்டும். பிரவுசரில் பத்து நிமிடம் முன்பு பார்த்த தாவலுக்கு, அதாவது டேபுக்கு, திரும்பினால் திரை உறைந்து நிற்பது, டிஸ்க் விளக்கு நிற்காமல் மினுக்குவது, "ஹேங் ஆயிடுச்சு" என்று நாம் சொல்வது இவையெல்லாம் பெரும்பாலும் இந்தப் போக்குவரத்துதான். எஸ்எஸ்டி உள்ள கணினியில் இதே போக்குவரத்து நடந்தாலும் வலி குறைவு. பழைய கணினிக்கு எஸ்எஸ்டி போட்டதும் ரேமே கூடிவிட்டதுபோல் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். "ரேம் 75 சதவீதம் நிரம்பியிருக்கு, அதனால கூட்டணும்" என்பது சரியான கணக்கு இல்லை. சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபமில்லை என்பது இயங்குதளத்துக்குத் தெரியும். அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை முன்கூட்டியே ரேமில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். வேறு வேலைக்கு இடம் தேவைப்பட்டால் அவற்றை உடனே விட்டுக்கொடுக்கும். ஆகவே நிரம்பியிருப்பது தன்னளவில் கெட்ட செய்தி அல்ல. ரேமும் நிரம்பி, அதே நேரத்தில் டிஸ்கும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால்தான் ரேம் பற்றவில்லை என்று அர்த்தம். மேக்கில் இன்னும் சுலபம்: ஆக்டிவிட்டி மானிட்டரில் நினைவக அழுத்தம் என்று ஒரு வரைபடம் இருக்கும். பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம். மஞ்சளும் சிவப்பும் அடிக்கடி வந்தால் யோசிக்கலாம்.

எத்தனை ஜிபி போதும்? இன்றைய விண்டோஸில் 4 ஜிபி என்பது தவிப்பு. 8 ஜிபியில் பிரவுசர், ஆவணங்கள், வீடியோ பார்ப்பது எல்லாம் நடக்கும், தாவல்களில் கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும். 16 ஜிபி பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளம். வீடியோ தொகுப்பு, ஒரே கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கிப் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு 32 தேவைப்படலாம். எவ்வளவு கூட்டினாலும் வேகம் கூடிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்காதீர்கள். உச்சகட்டத்திலேயே 9 ஜிபிதான் பயன்படுகிறது என்றால் 16-ஐ 32 ஆக்குவதால் கண்ணுக்குத் தெரிந்து எதுவும் மாறாது.

பிராசஸர் பற்றிய பேச்சு

அதிகம் பேசப்படும் பாகம் இதுதான். வீட்டுக் கணினியின் மந்தத்துக்கு உண்மையான காரணமாக இருப்பது குறைவு.

ஜிகாஹெர்ட்ஸ் என்பது பிராசஸரின் உள் கடிகாரம் நொடிக்கு எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்ற அளவு. எண் பெரிதானால் வேகம் பெரிது என்று எல்லோரும் நினைக்கிறோம். 2004-இல் வந்த ஒரு பென்டியம் 4 பிராசஸர் 3.8 ஜிகாஹெர்ட்ஸில் ஓடியது. இன்று 3 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு சாதாரண மடிக்கணினிப் பிராசஸர் அதைவிடப் பல மடங்கு வேகமானது. ஒவ்வொரு துடிப்பிலும் செய்யும் வேலை கூடிவிட்டது, ஒரே சில்லுக்குள் பல கோர்கள் வந்துவிட்டன. கோர் என்பது தனியாக ஒரு வேலையைச் செய்யக்கூடிய பிராசஸர் அலகு. எனவே வெவ்வேறு தலைமுறைப் பிராசஸர்களின் ஜிகாஹெர்ட்ஸை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

சரி, பிராசஸரை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும்? இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 1967-இல் ஜீன் அம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் முன்வைத்த வாதத்திலிருந்து வந்தது, அம்டால் விதி என்கிறார்கள். ஒரு பகுதியை எவ்வளவு வேகமாக்கினாலும், மொத்த நேரத்தில் அந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கோ அதற்கு மேல் லாபம் கிடையாது. உதாரணமாக ஒரு மென்பொருள் திறக்க 20 நொடி ஆகிறது என்போம். அதில் 16 நொடி டிஸ்குக்காகக் காத்திருப்பு, 4 நொடி பிராசஸரின் வேலை. இரண்டு மடங்கு வேகமான பிராசஸர் போட்டால் அந்த 4 நொடி 2 ஆகும். மொத்தம் 18. உலகிலேயே வேகமான பிராசஸரைப் போட்டாலும் 16-க்குக் கீழே இறங்காது. மாறாக டிஸ்கை மட்டும் மாற்றி அந்த 16 நொடி 2 ஆனால், மொத்தம் 6 நொடி. மூன்று மடங்குக்கு மேல் வேகம், பிராசஸரைத் தொடாமலேயே.

கணினியை அப்கிரேட் செய்வது பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தக் கணக்கை வையுங்கள். மொத்த வேகத்தைப் பிடித்து நிறுத்தும் பகுதியை முட்டுக்கட்டை என்று இனி சொல்வோம். முட்டுக்கட்டை எதுவோ அதை மாற்றினால் மட்டுமே பலன். அதையும் மாற்றியபின் முட்டுக்கட்டை வேறொரு இடத்துக்கு நகரும், அது வேறு கதை.

எங்கே காத்திருக்கிறது என்று பார்ப்பது எப்படி?

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர், லினக்ஸில் சிஸ்டம் மானிட்டர். கணினி சும்மா இருக்கும்போது இதைத் திறந்து பார்த்துப் பலனில்லை. முதலில் திறந்து ஓரமாக வைத்துக்கொண்டு, எந்த வேலை மெதுவாக இருக்கிறது என்று புகாரோ அதே வேலையைச் செய்யுங்கள். திணறும் அந்தக் கணத்தில் எண்களைப் பாருங்கள். ஓரிரு நாள் இப்படிக் கவனித்தால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, பிராசஸர் 10, 15 சதவீதத்தில் இருக்கிறது என்றால் முட்டுக்கட்டை டிஸ்க். இதில் ஒரு நுணுக்கம் பலரைக் குழப்புகிறது. 100 சதவீதம் என்று காட்டும்போதே பக்கத்தில் நொடிக்கு 1 எம்பி, 2 எம்பி என்று சொற்பமான அளவு இருக்கும். "இவ்வளவு கொஞ்சம் படிக்கிறதுக்கா நூறு சதவீதம்?" என்று தோன்றும். அந்தச் சதவீதம் அளவைக் குறிப்பதில்லை, நேரத்தைக் குறிக்கிறது. டிஸ்க் ஒரு கணமும் ஓய்வில்லாமல் இருந்தது என்றுதான் அதற்குப் பொருள். ஹார்ட் டிஸ்கின் தலை அங்குமிங்கும் அலைவதிலேயே நொடி முழுதும் போய்விட்டால் படித்தது கொஞ்சமாகத்தான் இருக்கும். எஸ்எஸ்டி உள்ள கணினியிலும் இப்படியே அடிக்கடி நடந்தால், அந்த எஸ்எஸ்டி நிரம்பி வழிகிறதா, பழுதாகிறதா என்று பார்க்க வேண்டும்.

ரேமும் உச்சத்தில், டிஸ்கும் ஓயாமல் ஓடுகிறது என்றால் ரேம்; அதை மேலேயே பார்த்துவிட்டோம்.

பிராசஸர் 100 சதவீதத்தில் இருந்தால் அவசரப்படாமல் எந்த மென்பொருள் அதைச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். அந்த நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் பயன்படுத்துவது மேலே வரும். வைரஸ் தடுப்பு மென்பொருளோ இயங்குதளப் புதுப்பிப்போ என்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பிரவுசரின் ஏதோ ஒரு தாவலோ, பிரவுசரோடு சேர்த்துக்கொண்ட நீட்சியோ (எக்ஸ்டென்ஷன்) என்றால் அதை மூடினால் போதும். நீங்கள் வேண்டுமென்றே செய்யும் வேலை, வீடியோவை ஏற்றுமதி செய்வது போன்றது, அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால் அங்கே பிராசஸர்தான் உண்மையான முட்டுக்கட்டை. இதிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. சில வேலைகளைப் பிரித்துப் பல கோர்களுக்குக் கொடுக்க முடியாது. எட்டில் ஒரு கோர் மட்டும் முழு மூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கில் 13 சதவீதம் என்றுதான் காட்டும். பிராசஸர் வரைபடத்தின்மேல் வலது சொடுக்கு செய்து ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னால் விஷயம் வெளிப்படும்.

எல்லா எண்களும் அமைதியாக இருக்கின்றன, ஆனாலும் பக்கம் திறக்கவில்லை என்றால் இணைய இணைப்பைச் சந்தேகியுங்கள். அதே வைஃபையில் கைப்பேசியை வைத்துப் பாருங்கள். அதிலும் மெதுவாக இருந்தால் கணினிக்குள் எதை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. இணையம் மெதுவாக இருப்பதற்காக ரேம் வாங்குவது நான் அடிக்கடி காண்கிற வீண் செலவு.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

முதலில் மறுதொடக்கம். "தினமும் ஷட் டவுன் பண்றேனே" என்பீர்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பெரும்பாலான கணினிகளில் இயல்பாகவே இயங்குகிறது. ஷட் டவுன் செய்தால் இயங்குதளத்தின் மையப் பகுதியை அப்படியே டிஸ்கில் பதிந்து வைத்து, அடுத்த முறை அங்கிருந்தே தொடர்கிறது. கணினி சீக்கிரம் திறக்கும், ஆனால் உள்ளே சேர்ந்த சிக்கல்களும் கூடவே திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் என்பதை அழுத்தினால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அடுத்து, டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் என்று ஒரு பகுதி இருக்கும். கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்கும் மென்பொருட்களின் பட்டியல் அங்கே கிடைக்கும். உங்களுக்குத் தெரிந்த, உடனடியாகத் தேவைப்படாதவற்றை முடக்குங்கள். என்னவென்றே தெரியாததை முடக்குமுன் பெயரைத் தேடிப் பார்த்துக்கொள்வது நல்லது. பயன்படுத்தாத பிரவுசர் நீட்சிகளை நீக்குங்கள். டிஸ்கில் பத்து, பதினைந்து சதவீதமாவது காலியாக இருக்கட்டும். எஸ்எஸ்டி புதிய தகவலை எழுதத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ள அந்த இடம் வேண்டும்.

சூடு தனிக்கதை. பிராசஸரின் வெப்பநிலை ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், எரிந்துபோகாமல் இருக்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணினி தொடங்கிய முதல் சில நிமிடங்கள் நன்றாக இருந்து, அப்புறம் மின்விசிறி இரைய ஆரம்பித்ததும் எல்லாம் தளர்கிறது என்றால் இதுதான் நடக்கிறது. தூசியை எடுத்தாலே பல நேரங்களில் சரியாகிவிடும். பல வருடமான கணினியில் பிராசஸருக்கும் அதன் வெப்பத்தை வெளியேற்றும் தகட்டுக்கும் நடுவே உள்ள பசையைப் புதிதாகப் போட வேண்டியிருக்கலாம். மடிக்கணினியை மெத்தையின்மேல் வைத்தால் காற்று போகும் துளைகள் அடைபடும். பேட்டரி சேமிப்பு முறை இயங்குகிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள், அதுவும் வேகத்தைக் குறைக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ரேம் பூஸ்டர், கிளீனர், ரெஜிஸ்ட்ரி சரிசெய்வது என்ற பெயர்களில் வரும் மென்பொருட்களை நிறுவாதீர்கள். ரேமைக் காலி செய்கிறேன் என்று சொல்பவை, அங்கே இருந்த தகவலைப் பலவந்தமாக வெளியேற்றுகின்றன. எண் குறைந்ததும் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். அடுத்த நொடியே அந்தத் தகவல் தேவைப்பட்டால் டிஸ்கிலிருந்து மறுபடி கொண்டுவர வேண்டும். மெதுவாக்குவதற்கே ஒரு மென்பொருள்.

ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று புது சத்தம் வந்தாலோ, சில கோப்புகள் திறக்க மறுத்தாலோ மேலே சொன்ன எதையும் ஆரம்பிக்க வேண்டாம். முக்கியமான கோப்புகளை வேறொரு இடத்துக்கு நகலெடுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றது எல்லாம்.

இதுவரை பார்த்தது: திணறும் நேரத்தில் அளந்து பார்த்தாயிற்று, இலவசமாகச் செய்யக்கூடியதைச் செய்தாயிற்று. அதன் பிறகும் அதே முட்டுக்கட்டை அதே இடத்தில் நின்றால் மட்டும் பணம் செலவழிப்பது பற்றிப் பேசலாம்.

வாங்குவது என்று முடிவானால்

இன்னும் ஹார்ட் டிஸ்கிலிருந்தே இயங்குதளம் தொடங்கும் கணினியென்றால் கேள்வியே இல்லை, முதலில் எஸ்எஸ்டி. வேறு எந்த ஒற்றை மாற்றமும் இவ்வளவு வித்தியாசத்தைத் தராது. எஸ்எஸ்டியில் இரண்டு வகை இணைப்புகள் உண்டு. சாட்டா வகை நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரை படிக்கும். என்விஎம்இ வகை 3500, 7000 எம்பி, சில அதற்கு மேலும்கூடப் போகும். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த வேகம் பெரிய கோப்புகளை நகர்த்தும்போது தெரியும். அன்றாடம் மென்பொருள் திறப்பது, கணினி தொடங்குவது போன்றவற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உணர முடியாது. உங்கள் கணினி எதை ஏற்கிறதோ அதை வாங்குங்கள். எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவத்தில் இரண்டு வகையுமே வருகின்றன, பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். கணினியின் கையேட்டில் எந்த வகை என்று உறுதிசெய்யாமல் வாங்கினால் வம்பு.

ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது, ரேம் பட்டையில் உள்ள வெட்டின் இடமே மாறியிருக்கும். மடிக்கணினிக்கும் மேசைக் கணினிக்கும் அளவு வேறு. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமை மதர்போர்டோடு, அதாவது எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகையோடு, பற்றவைத்து விடுகிறார்கள். ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளோடு 2020 முதல் விற்கும் மேக்குகளில் ரேமைப் பிறகு கூட்டவே முடியாது. இப்படிப்பட்ட கணினியை வாங்கும்போதே தேவையான அளவைத் தேர்ந்துகொள்வதுதான் ஒரே வழி.

பிராசஸரை மட்டும் மாற்றுவது மேசைக் கணினியில் சில நேரம் சாத்தியம், மடிக்கணினியில் அனேகமாக இல்லை. மேசைக் கணினியிலும் தலைமுறை தாண்டிப் போனால் மதர்போர்டு, ரேம் இரண்டும் சேர்ந்து மாற நேரிடும். அப்போது மிஞ்சுவது பெட்டியும் பவர் சப்ளையும்தான்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு விளையாட்டு, வீடியோ தொகுப்பு, முப்பரிமாண வேலை, கணினியிலேயே ஏஐ மாதிரிகளை இயக்குவது இவற்றுக்கு. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் வேண்டாம்.

முழுதாக மாற்ற வேண்டிய நேரம்

ஒன்றுக்கு மேற்பட்ட முட்டுக்கட்டைகள் ஒரே நேரத்தில் இருந்து, அவற்றில் ஒன்று மாற்ற முடியாத பாகமாக இருந்தால் புதுக் கணினி நியாயம். மதர்போர்டு பழுதானாலும் அப்படித்தான். வேலையே மாறிவிட்டாலும் அப்படித்தான்: கடிதம் எழுத வாங்கிய கணினியில் இப்போது வீடியோ தொகுக்கிறீர்கள் என்றால் அது கணினியின் குற்றமில்லை.

இன்னொரு காரணத்துக்கு வேகத்தோடு சம்பந்தமே இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு வழக்கமான இலவசத் திருத்தம் வராது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் மேலும் ஒரு வருடத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும் ஏற்பாடு இருக்கிறது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், பொதுவாக இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசஸரும் வேண்டும். இன்னொரு பிராசஸர் நிறுவனமான ஏஎம்டியில் ஏறத்தாழ ரைசன் 2000 வரிசை முதல். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் 4 ஜிபி ரேம் என்றும் போட்டிருப்பார்கள். நிறுவ முடியும் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம், நிம்மதியாகப் பயன்படுத்த முடியும் என்பதல்ல.

கணினி தகுதியற்றது என்று காட்டினால் உடனே நம்ப வேண்டாம். டிபிஎம் உள்ளே இருந்தும், இயங்குதளத்துக்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். அதை இயக்கிவிட்டு, மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் செயலியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். பிராசஸரே பழையது என்றால் அந்தக் கதவு மூடியதுதான். அப்போதும் லினக்ஸ் இருக்கிறது. உபுண்டு, மின்ட் போன்ற பதிப்புகளை ஒரு பென்டிரைவில் ஏற்றி, டிஸ்கில் எதையும் நிறுவாமல் அங்கிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா, ஒலி வருகிறதா, தமிழ் தட்டச்சு சரியாக அமைகிறதா என்று சோதியுங்கள். வேலைக்கு அவசியமான ஏதாவது மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால் அதற்கு மாற்று இருக்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். பென்டிரைவிலிருந்து ஓடும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். அந்த மந்தம் பென்டிரைவுடையது, கணினியுடையது இல்லை.